பதினேழாம் கட்டிலின் பத்து விரல்கள்

மே 7, புதன்

மிகுந்த மனவேதனையுடன் இந்த நோட்டு வெளியிடும் முதல் செய்தி: ஆண்கள் பிரிவு நான்காம் வார்டின் குளியலறையில் அனைவராலும் நேசிக்கப்பட்ட நீல நிற பிளாஸ்டிக் வாளி, இன்று காலை 6.40 மணியளவில் நம்மைவிட்டுப் பிரிந்தது. அதற்கு வயது சுமார் இரண்டு. கைப்பிடி முன்பே காலமாகியிருந்தது. உடம்பில் நேற்று அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லை. வார்டு பணியாளர் தரையில் உட்கார்ந்து கட்டில்களுக்கு அடியில் எல்லாம் தேடினார். குற்றவாளி பிடிபடவில்லை. பிடிபடவும் மாட்டான். அவன் மூளைக்காரன்.

நோட்டு என்னுடையது. மருந்து நேரம் எழுத அம்மா வாங்கிக்கொடுத்தாள். "ஒயுங்கா எழுதுடா, கதை எழுதாதே" என்றாள். மருந்து நேரம் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வரும், கதை முன்பக்கத்திலிருந்து வரும். நடுவில் சந்தித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நான் யுவராஜ். பதினாறு வயது. பெயரில்தான் இளவரசன். ராஜ்ஜியம் என்று பார்த்தால் பதினேழாம் கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கட்டிலில் இருப்பவர் டில்லிபாபு, அம்மாவின் தம்பி, என் மாமா. முப்பத்தெட்டு வயது, நாற்பத்தாறு கிலோ. (நானும் நாற்பத்தாறு. எனக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது.) ஹார்பரில் லோடு ஏற்றியவர். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, ஒரு மரப்பெட்டி வாங்கிக்கொண்டது. "கப்பலுக்கு லஞ்சம்" என்பார்.

நோய்: இதயத்தின் கதவில் கிருமி. ஊசிக் குழாய் வழியே ரத்தத்தில் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டதாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, இருபத்தெட்டு நாள், கை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்ப வரும், அப்போது கதவே இருக்காது என்று சின்ன டாக்டர் சொன்னார். இதயத்தில் காதை வைத்தால் உஷ் உஷ் என்று ஒரு சத்தம். "நெஞ்சுல குக்கர் வெச்சிகினு கீறேன்டா மாப்ள" என்றார் மாமா.

இன்னொன்றும் இருக்கிறது. கேஸ் ஷீட் மூலையில் சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம். எச்.ஐ.வி. மாமாவுக்கு ஆறு வருஷமாக இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, வீட்டில் அதற்குப் பெயர் சத்து மாத்திரை. எட்டாம் வகுப்பிலேயே டப்பாவின் பெயரை போனில் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் தெரியாத மாதிரியே நடந்துகொள்கிறேன். மூன்று வருஷமாக ஓடும் வெற்றிகரமான நடிப்பு.

மே 8, வியாழன்

மாமா இன்று நாற்பத்து மூன்று முறை தும்மினார். கொட்டாவிக்குக் கணக்கு விட்டுப்போய்விட்டது. மூக்கு ஒழுகுகிறது, கண் ஒழுகுகிறது, கை முழுக்க உரித்த கோழி மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கிறது. கால்கள் மட்டும் தனியாக சைக்கிள் ஓட்டுகின்றன. பாத்ரூமுக்கு ஒன்பது தடவை.

பதினெட்டாம் கட்டிலில் மஞ்சள் காமாலைக்காரர், லாரி டிரைவர். "தம்பி, ஒங்க மாமாவுக்கு இன்னா நோவு?" என்றார்.

"அலர்ஜி" என்றேன்.

"எதுக்கு அலர்ஜி?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவர் சிரித்தார். சாயங்காலம் அவருடைய தண்ணி பாட்டிலை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். பாட்டில் அங்கே நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது.

காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். ரவுண்ட்ஸ் என்று பெயர், ஆனால் சதுரமாகத்தான் நடக்கிறார்கள், சுவர் ஓரமாக நான்கு பக்கமும். எங்கள் கட்டிலுக்கு மட்டும் கால்மாட்டிலிருந்து மூன்றடி தள்ளி நிறுத்தம். "இது என்ன, பேஷன்டா நடிகனா?" என்றார் பெரிய டாக்டர். கூட வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

வார்டில் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் பியூலா சிஸ்டர் மட்டும்தான். பெயர்கூட இல்லை, "அண்ணாச்சி". திருநெல்வேலிப் பக்கம். மற்ற எல்லோருக்கும் மாமா "பதினேழு".

"பொறுமை வேணும்ல தம்பி" என்றார் சிஸ்டர். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பொறு மட்டும் மிச்சம்.

மே 9, வெள்ளி

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் செருப்பை ஒளித்துவைத்தேன்.

மே 9, மறுபடியும்

செருப்பில்லாமலே லிஃப்ட் வரைக்கும் போய்விட்டார். கையில் குத்திய டியூப் அப்படியே இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டுக்கு நான் செலுத்தும் முதல் நன்றி.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வுட்ருடா மாப்ள. எலும்பெல்லாம் கடிக்குது. ஒரே ஒரு தபா போய்ட்டு வந்துர்றேன்."

"எங்க?"

எங்கே என்று எனக்கும் தெரியும். ரயில்வே கேட் பின்னால், போதை ஊசி விற்கும் தெரு முனை.

அப்போது படியேறி வந்தார் கஜபதி அண்ணன். மாமா ஏழெட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கும் மையத்தில் களப்பணியாளர். பையில் இரண்டு இளநீர். மாமாவைப் பார்த்ததும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எத்தினி நாளாச்சி டில்லி, மாத்திரை போட்டு?"

"அஞ்சி."

"சொல்லி அனுப்ச்சிருக்கலாம்ல."

"யாராண்ட சொல்றது? சொன்னா நடிகன்றாங்க."

அண்ணன் என்னிடம் விளக்கினார். ஊசியை விடுவதற்காக மையத்தில் தினமும் ஒரு மாத்திரை தருவார்கள். நர்ஸ் தூளாக்கி நாக்குக்கு அடியில் போடுவார், கரையும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அது நின்றால் உடம்பு இப்படித்தான் ஆகும். "நடிப்பு இல்ல தம்பி. நான் பாத்திருக்கேன்" என்றவர், இளநீர்ப் பையை என்னிடம் கொடுத்து, "என் ஒடம்புலயே பாத்திருக்கேன்" என்றார்.

நானும் அண்ணனும் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனோம். ஒரு கடிதம் கொடுத்தால் போதும், மையத்து நர்ஸே வார்டுக்கு வந்து மாத்திரை போடுவார் என்று அண்ணன் நின்றுகொண்டே சொன்னார். பெரிய டாக்டர் உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

"போதைக்குப் பதில் போதை. என் வார்டுல அதெல்லாம் கிடையாது."

"அப்ப அவரை தினம் ஒரு மணி நேரம் மையத்துக்கு அனுப்ச்சி வைங்க சார். நானே கூட்டினு போய் கூட்டினு வரேன்."

"கையில டியூபோட வெளிய போனா எதுக்குப் போவான்னு எனக்குத் தெரியாதா? ரவுண்ட்ஸ்ல கட்டில்ல ஆள் இல்லன்னா பேரை அடிச்சிடுவேன். வெளியில இருபது பேர் கட்டிலுக்குக் காத்துக் கிடக்கிறான்."

ஆக நிலைமை இது. போனால் பேர் போகும். போகாவிட்டால் மாமாவே போய்விடுவார். மையம் திறப்பது ஒன்பதரைக்கு. ரவுண்ட்ஸ் பத்து மணிக்கு.

எனக்கும் நாற்பத்தாறு கிலோ என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன். மூளைக்காரன் என்றும்.

மே 10, சனி

யுவராஜ் 1, ஆஸ்பத்திரி 0.

ஒன்பதேகாலுக்கு மாமா என் முழுக்கை டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, டியூபை மறைத்துக்கொண்டு, படியிறங்கினார். கீழே கஜா அண்ணன் பைக். சிஸ்டரிடம் அனுமதி வாங்கியாயிற்று என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

அம்மா மருந்துக் கடையில் வாங்கி வந்த புது ட்ரிப்ஸ் டியூபில் ஒரு முனையை வெட்டி, என் கையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். கட்டிலில் ஏறிப் போர்த்திக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் போர்வை, தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும். தலைதான் முக்கியம்.

பத்து மணி. செருப்புச் சத்தங்கள் மூன்றடியில் நின்றன.

"பதினேழு எப்படி?"

"இன்னிக்குப் பரவால்ல சார். தூங்குதாரு" என்றார் பியூலா சிஸ்டர். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார், என்னமோ திரைச்சீலையைச் சரிசெய்கிறேன் என்று.

"ம். தொடரட்டும்."

பதினொரு விநாடி. நான் எண்ணினேன். எனக்குள் இருக்கும் நடிகனை இந்த உலகம் இப்படித்தான் கண்டுகொள்ள வேண்டுமா என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மாமா பத்தேமுக்காலுக்கு வந்தார். கால்கள் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தியிருந்தன. இரண்டு இட்லி சாப்பிட்டார். ஐந்து நாளில் முதல் இட்லி. அம்மாவிடம் சொல்வதற்காக இதை அடிக்கோடிடுகிறேன்.

மே 11, ஞாயிறு

பெரிய டாக்டருக்கு லீவு. நடிகனுக்கும்.

மே 13, செவ்வாய்

யுவராஜ் 3, ஆஸ்பத்திரி 0.

மாமாவின் நாக்குக்கு அடியில் மாத்திரை. என் நாக்குக்கு மேலே பொய். இரண்டும் கரைய ஐந்து நிமிஷம்தான் ஆகிறது.

ஒரு புகாரும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பியூலா சிஸ்டருக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை. காலை மருந்து பத்து மணிக்கு. சிஸ்டர் தினமும் பதினொன்றேகாலுக்குத்தான் வருகிறார். திருநெல்வேலியில் சூரியன் லேட்டாக உதிக்கும்போல. நான் கேட்டேவிட்டேன்.

"சிஸ்டர், மருந்து பத்து மணிக்குல்ல?"

"நோட்டுல பத்துன்னே எழுதிக்கோ" என்றார், மாமாவின் கையில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "ஒனக்கு ரொம்பக் கணக்குத் தெரியுமாலே? எண்ணத் தெரியுமா? எதுவரைக்கும் எண்ணுவ?"

"லட்சம் வரைக்கும்."

"பத்து வரைக்கும் எண்ணினாப் போதும்."

திருநெல்வேலி நகைச்சுவை. எனக்குப் புரியவில்லை.

மே 14, புதன்

யுவராஜ் 4.

மாமா பத்தேமுக்காலுக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை.

இந்த மின்விசிறிக்கு மூன்று இறக்கை. ஒன்றில் மட்டும் ஒட்டடை. ஒட்டடை இறக்கை ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை தலைக்கு மேலே வருகிறது என்று எண்ண முயன்றேன். முடியாது, வேகம் அதிகம். ஆனாலும் முயன்றேன். போர்வைக்குள் வேர்த்துக் கொட்டியது. கஜா அண்ணனுக்கு போன் செய்யலாம் என்றால் போனில் சார்ஜ் இல்லை. வார்டில் முதலில் டிஸ்சார்ஜ் ஆனது அதுதான்.

சிஸ்டர் மருந்தை ட்ரேயில் வைத்துக்கொண்டு எதிர் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் எதையோ எழுதுகிற மாதிரி இருந்தது, ஆனால் பக்கம் திரும்பவில்லை. என்னமோ அவரும் யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி.

மாமா பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். நடந்தே வந்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் அண்ணனின் பைக் பஞ்சர். "நீ கடையில நில்லு, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று மாமா தனியாகக் கிளம்பியிருக்கிறார். பஸ் ஏறவில்லை.

அவரே சொன்னார்.

"கேட்டாண்ட வரைக்கும் போனேன். அந்தத் தெரு முனை வரைக்கும். பையன் ஒருத்தன் இருந்தான், தெரிஞ்சவன். கை காட்னான்."

"அப்பறம்?"

"நீ இங்க போத்திகினு வேர்த்துகினு கிடப்பியேன்னு திரும்பிட்டேன். நோட்டுல எழுதாதே."

எழுதவில்லை.

மே 16, வெள்ளி

யுவராஜ் 6. இன்றைய ஆட்டம் தனியாகச் சொல்ல வேண்டிய ஆட்டம்.

பியூலா சிஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். திங்கள்தான் வருவார். புது சிஸ்டர் சரியாகப் பத்து மணிக்கு மருந்தோடு வந்துவிட்டார். மனித சமுதாயத்தில் இப்படியும் சிலர். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் டியூபில் ஊசிமருந்தைச் செலுத்தினார். டியூபின் மறுமுனை பிளாஸ்டருக்கு அடியில் முடிகிறது, உடம்புக்குள் போகவில்லை. மருந்து முழுவதும் என் உள்ளங்கை வழியாக மெத்தைக்குப் போனது.

கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: காலை 10, கொடுத்தாயிற்று. யாருக்கு என்று எழுதவில்லை.

அதற்குப் பிறகு ரவுண்ட்ஸ். புதிதாக ஒரு பயிற்சி டாக்டர் அக்கா. மூன்றடிக் கோடு பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லைபோல. நேராக வந்து, போர்வைக்குள் கையை விட்டு, ஸ்டெத்தை என் நெஞ்சில் வைத்தார். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. மூச்சை அடக்கினேன்.

"முகத்தைத் திறங்க."

"வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றேன், மாமாவின் கட்டைக் குரலில். அற்புதமான குரல்.

இங்கே வைத்தார், அங்கே வைத்தார். பிறகு நிமிர்ந்து, "சார், மர்மர் சுத்தமா இல்ல சார்" என்றார். அந்த உஷ் உஷ் சத்தத்துக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர்.

"பாத்தீங்களா? மருந்து வேலை செய்யுது" என்றார் பெரிய டாக்டர், மூன்றடியிலிருந்து.

பிளஸ் ஒன் ரிசல்ட் எப்படியோ, இதயத்தில் பாஸ் செய்துவிட்டேன். சந்தேகமே இல்லாத பாஸ்.

மே 17, சனி

யுவராஜ் 7. இன்றும் மெத்தைக்கு ஒரு வேளை மருந்து.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சொன்னார்: "காய்ச்சலும் இல்ல, மர்மரும் இல்ல. ஸ்கேனுக்கு அடுத்த மாசம்தான் தேதி. திங்கக்கிழமை டிஸ்சார்ஜ் போட்டுடுங்க. மாத்திரையா எழுதிக் குடுங்க. கட்டில் வேணும்."

இன்றோடு பன்னிரண்டு நாள். இருபத்தெட்டில் பன்னிரண்டைக் கழித்தால் பதினாறு. எனக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

மாமாவுக்குச் சந்தோஷம். "ரத்த டெஸ்ட்டுல நல்லா வந்திருக்கும்டா" என்றார். யார் இதயத்தைக் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மா சாயங்காலம் வந்தாள், விஷயத்தைக் கேட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோயிலுக்குப் போய் சூடம் ஏற்றிவிட்டு வந்து எனக்கும் திருநீறு பூசினாள். "நீ கூட இருந்ததாலதான்டா" என்றாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மாமாவின் நெஞ்சில் காதை வைத்தேன், விளையாட்டுக்கு மாதிரி.

"இன்னாடா?"

"குக்கர் வெந்துடுச்சான்னு பாக்கறேன்."

உஷ் உஷ்.

மே 18, ஞாயிறு

சொன்னால், ஏழு நாளாகக் கட்டிலில் ஆள் இல்லை என்று தெரிந்து பேரை அடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால், நாளை அனுப்பிவிடுவார்கள்.

மின்விசிறியில் ஒட்டடை அப்படியே இருக்கிறது.

மே 19, திங்கள்

வரலாறு படைக்கப்பட்டது.

காலை 9.20. யுவராஜ் பெரிய டாக்டரின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. "டாக்டர், வெள்ளிக்கிழமை நீங்கள் பாஸ் போட்டது என் இதயத்துக்கு" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னான். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. (ஆஸ்பத்திரி என்பதால் ஊசி நிஜமாகவே விழுந்திருக்கலாம்.) "என் மாமாவைத் தொட்டுப் பாருங்கள்" என்று வாசலைக் கைகாட்டினான். அவர்கள் வரிசையாக எழுந்து அவன் பின்னால் நடந்தார்கள்.

பதினேழாம் கட்டிலில் பெரிய டாக்டர் தன் ஸ்டெத்தை மாமாவின் நெஞ்சில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பயிற்சி டாக்டர் அக்காவும் கேட்டார், அவர் முகம் போன போக்கு சரியில்லை. "இருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

கெட்ட செய்திக்கு இந்த அளவு சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் கிழிக்கப்பட்டது. பேர் அடிக்கப்படவில்லை. கஜா அண்ணன் கேட்ட கடிதம் மதியத்துக்குள் கையெழுத்தானது.

யுவராஜ் 8. ஆட்டம் நிறைவு.

மே 21, புதன்

மையத்து நர்ஸ் கஜா அண்ணனின் பைக்கில் வந்தார், மடியில் பூட்டிய சின்னப் பெட்டி. மாத்திரையைத் தூளாக்கி, நாக்குக்கு அடியில் போட்டு, எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் ஸ்டூல். நான் நின்றேன்.

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "அலர்ஜிக்கு மாத்திரையா தம்பி?"

மாமா வாயைத் திறக்க முடியாது, கரையும்வரை பேசக் கூடாது. கையால் காட்டினார்: ஆமாம்.

காலை மருந்து: பத்து மணி. பியூலா சிஸ்டர் இன்று பத்து மணிக்கே வந்தார். திருநெல்வேலிக் கடிகாரம் சரியாகிவிட்டது.

மே 27, செவ்வாய்

மாமா 48 கிலோ. கஜா அண்ணனோடு தாயக்கட்டம் ஆடித் தோற்றார். ஏமாற்றுகிறான் என்று சண்டை. பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி போய்விட்டது, அதற்கு இங்கே இடமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றோடு இருபத்தெட்டு நாள். இன்று நிஜமான டிஸ்சார்ஜ். மாமா சட்டையை மாட்டினார், நானே செருப்பை எடுத்துக் கொடுத்தேன். கதவு கொஞ்சம் பழுதுதான், மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். எட்டு மணி மாத்திரையும் தினமும் மையமும் தொடரும். "தெரு முனை?" என்று கேட்டேன். "அது அங்கயேதான் இருக்கும்டா. நான்தான் தினம் அதைத் தாண்டி மையத்துக்குப் போவணும்" என்றார்.

அம்மா, "எட்டு மணிக்குச் சத்து மாத்திரை..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். "எனக்கு எட்டாவதுலயே தெரியும்மா" என்றேன். "நீ எட்டாவது படிக்கறப்பவே ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்த நடிப்பும் போச்சு.

நோட்டில் இன்னும் இரண்டு பக்கம்தான் இருக்கிறது. கடைசியிலிருந்து மருந்து வந்துகொண்டிருக்கிறது. அவை சந்திப்பதற்குள் சிலவற்றைத் திருத்திவிட வேண்டும்.

மே 19 அன்று நான் பெரிய டாக்டரின் அறைக்குள் நுழையவில்லை. வாசலில் நாற்பது நிமிஷம் நின்றேன். உள்ளே யாரோ இருமினார்கள், அதற்கே ஓடிவிட்டேன். ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வைக்கும் மூலையில் உட்கார்ந்திருந்தவனை, ஊரிலிருந்து நேராக டூட்டிக்கு வந்த பியூலா சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். கையில் கல்யாண வீட்டு முறுக்குப் பை.

"என்னல, இங்க இருக்க?"

நான் ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. விக்கல்தான் வந்தது. அழுகையில் சேர்ந்ததா விக்கல் என்று தெரியாது, ஆனால் சிஸ்டரின் வெள்ளைக் கோட்டில் மூக்கைத் துடைத்தது நான்தான். மர்மர், மெத்தை, மருந்து என்று துண்டு துண்டாக வந்தது.

"கட்டில்ல நீதான் கெடந்தேன்னு மொத நாளே தெரியும்" என்றார் சிஸ்டர். "போர்வைக்கு வெளிய பத்து வெரல் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அண்ணாச்சிக்கு ஒம்பதுதானல. பெரிய டாக்டர் கால்மாட்டுலதான் தெனமும் நின்னாரு. அவருக்குத் தெரியல."

அதற்குத்தான் முன்னால் வந்து நின்றிருக்கிறார். அதற்குத்தான் பதினொன்றேகால். "நான் இல்லாதப்ப இப்படி ஆகும்னு நெனைக்கலயே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பேசியது அவர். "சார், அண்ணாச்சி தெனமும் வெளிய போனது மாத்திரைக்கு. எனக்குத் தெரியும், நான்தான் விட்டேன். இந்த ரெண்டு வாரத்துல நாங்க யாரும் அவரைத் தொட்டுப் பாக்கல. மொத மொதலா தொட்டுப் பாத்த புள்ளைக்கு இந்தப் பயதான் கெடைச்சான். என் பேரை எழுதிக்கிடுங்க. அவரு பேரை அடிக்காதீங்க." பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். சிஸ்டருக்கு மெமோ வந்தது. அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை, லாரி டிரைவர் சொன்னார்.

நான் செய்தது அழுதது மட்டும். அது நல்ல சத்தமான அழுகை. அதை வேண்டுமானால் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

எனவே யுவராஜ் ஏமாற்றியவர்கள்: பெரிய டாக்டர், பயிற்சி டாக்டர் அக்கா, புது சிஸ்டர். கஜா அண்ணன், ஒரு நாளைக்கு. (மறுநாளே சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.) ஒரு மெத்தை.

கடைசியாக வாளி. அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் 17 என்று பெரிதாக எழுதியிருந்தது. மற்றவர்கள் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதாம். மாமா அன்று காலை இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முதலில் குளியலறைக்குத்தான் போவார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, ஜன்னல் வழியாக சன்ஷேடில் தூக்கிப் போட்டேன். குறும்புத் திட்டம் எதுவும் இல்லை. மூளைக்காரன் என்று எழுதியதை அடித்துவிடவும்.

இன்று ஒரு குச்சியால் அதை எட்டி எடுத்து, சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயிலில் நீலம் வெளுத்திருந்தது. 17 மட்டும் வெளுக்கவில்லை. சிஸ்டர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தக் குறும்புக்காரப் பயலோன்னு நெனச்சேன்."

"குறும்புதான் சிஸ்டர்" என்றேன், நிஜத்தை எழுதி வைத்த இந்த நோட்டு கையில் இருக்கும்போதே.